சிடெட் எழுதலாமா? வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர் பக்கம் பி.எட். அல்லது டி.எல்.எட். (தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயம்) முடித்துவிட்டு அடுத்து என்ன செய்வது என்று நிற்கிற தம்பி தங்கைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. பெரம்பூரில் ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்துகிறேன், ஞாயிற்றுக்கிழமை மதியம் இந்தத் தேர்வுக்குப் படிக்கிறவர்களோடு உட்காருகிறேன். வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு முறை துண்டு துண்டாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைத்தால் உங்களுக்கும் உதவும், உங்கள் தோழிகளுக்கும் அனுப்பலாம்.

சிடெட் என்பது என்ன தேர்வு?

மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வு. 1 முதல் 8ஆம் வகுப்பு வரை பாடம் நடத்த உங்களுக்குத் தகுதி இருக்கிறது என்று சொல்கிற தேர்வு, சிபிஎஸ்இ நடத்துகிறது. 2009இல் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின்படி ஆசிரியருக்கான குறைந்தபட்சத் தகுதியை தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்டில் அறிவித்தபோது, படிப்போடு தகுதித் தேர்விலும் தேற வேண்டும் என்று சேர்த்தார்கள். முதல் சிடெட் 2011 ஜூனில் நடந்தது. வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு முறை என்று சொல்வார்கள், ஆனால் சில சமயம் மாதக்கணக்கில் தள்ளிப்போகும். அதனால் அறிவிப்பு வரட்டும், அப்புறம் படிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

பாஸ் ஆனால் வேலை கிடைத்துவிடுமா?

கிடைக்காது. இதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "சிடெட் பாஸ் பண்ணா சென்ட்ரல் கவர்ன்மென்ட் வேலை" என்று சொல்லி வீட்டில் நகையை அடகு வைக்கச் செய்கிற விளம்பரங்களை நம்ம ஏரியா சுவர்களில் நிறையப் பார்க்கிறேன். இது தகுதி மட்டும்தான். கேந்திரிய வித்யாலயா, நவோதயா பள்ளிகளில் ஆள் எடுக்கும்போது விண்ணப்பிக்க இந்தச் சான்று வேண்டும். விண்ணப்பித்த பிறகு அவர்கள் வைக்கிற போட்டித் தேர்வு, நேர்காணல் எல்லாம் தனி. தமிழ்நாட்டிலும் இதே கதைதான், 2018இல் வந்த அரசாணை 149க்குப் பிறகு மாநில டெட் (தமிழ்நாடு ஆசிரியர் தகுதித் தேர்வு) தேறியவர்களும் பணி நியமனத்துக்குத் தனியாகப் போட்டித் தேர்வு எழுத வேண்டும்.

அப்படியென்றால் எதற்கு எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். இது இல்லாமல் அந்த வரிசையிலேயே நிற்க முடியாது, அதற்காகத்தான். இன்னொரு நல்ல விஷயம், ஒரு முறை தேறினால் ஆயுள் முழுக்கச் செல்லும். முன்பு 7 ஆண்டுதான் செல்லுபடி என்று இருந்தது, 2021 ஜூனில் அதை மாற்றி, 2011 முதல் தேறியவர்கள் எல்லாருக்கும் சேர்த்தே வாழ்நாள் செல்லுபடி என்று மத்திய கல்வி அமைச்சகம் அறிவித்தது. பீரோவில் பழைய சான்றிதழ் கிடக்கிற அக்காமார்கள் அதை எடுத்துப் பாருங்கள்.

சிடெட் எழுதட்டுமா, தமிழ்நாடு டெட் எழுதட்டுமா?

எங்கே வேலை பார்க்க ஆசை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நம்ம தெருமுனை மாநகராட்சிப் பள்ளியிலோ அரசுப் பள்ளியிலோ இடைநிலை ஆசிரியர், பட்டதாரி ஆசிரியர் ஆக வேண்டும் என்றால் டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) நடத்துகிற தமிழ்நாடு டெட்தான் வேண்டும், சிடெட் தேறியதைக் காட்டி அங்கே விண்ணப்பிக்க முடியாது. தீவுத்திடல் பக்கத்தில் இருக்கிற கேந்திரிய வித்யாலயா மாதிரி மத்தியப் பள்ளி என்றால் சிடெட். கொளத்தூர், மாதவரம் பக்கம் முளைத்திருக்கிற சிபிஎஸ்இ தனியார் பள்ளிகளிலும் சிடெட் இருந்தால் மதிப்பு.

கேந்திரிய வித்யாலயாவில் ஒரு விஷயத்தைப் பலர் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். அங்கே தொடக்கநிலை ஆசிரியருக்கான தகுதியில் இந்தி, ஆங்கிலம் இரண்டின் வழியாகவும் பாடம் நடத்தத் தெரிய வேண்டும் என்று போட்டிருக்கும். சிடெட்டில் நல்ல மார்க் வாங்கிவிட்டு அந்த வரியைப் பார்த்துச் சோர்ந்துபோன பிள்ளைகள் உண்டு. அந்தக் கனவு இருந்தால் இந்தியை இன்றைக்கே தொடங்குங்கள்.

என் யோசனை: முடிந்தால் இரண்டையும் எழுதுங்கள். குழந்தை உளவியல் பகுதி இரண்டுக்கும் பெரும்பாலும் ஒன்றுதான். மாநிலத் தேர்வு நம்ம சமச்சீர் புத்தகத்தை ஒட்டி வரும், கேள்விகள் தமிழிலும் இருக்கும், நேரமும் 3 மணி. 2012 ஜூலையில் நடந்த முதல் தமிழ்நாடு டெட்டில் ஒன்றரை மணி நேரம்தான் கொடுத்தார்கள், தேறியவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அதற்குப் பிறகுதான் நேரத்தைக் கூட்டி அந்த அக்டோபரிலேயே மறுபடி தேர்வு வைத்தார்கள். அந்தப் பழைய பயம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. இன்றைய தேர்வு அந்த மாதிரி இல்லை.

நான் பி.எட். முடித்திருக்கிறேன். எந்தத் தாள்?

தாள் 2. அது 6 முதல் 8 வரை. தாள் 1 என்பது 1 முதல் 5 வரை, டி.எல்.எட். படித்தவர்களுக்கு. நடுவில் 2018இல் பி.எட். காரர்களையும் தொடக்கநிலைக்கு அனுமதித்தார்கள், 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. பி.எட். மட்டும் வைத்துக்கொண்டு தாள் 1க்குப் பணம் கட்டாதீர்கள். டி.எல்.எட்., பி.எட். இரண்டும் இருந்தால் இரண்டு தாளும் எழுதலாம். கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருப்பவர்களும் எழுதலாம்.

கேள்வித்தாள் தமிழில் வருமா?

ரொம்ப முக்கியமான கேள்வி. பாதிதான் ஆமாம்.

சிடெட்டில் 20 மொழிகளில் தமிழும் ஒன்று என்று போட்டிருப்பதைப் பார்த்து முழுத் தாளும் தமிழில் வரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது மொழிப் பகுதிக்கு மட்டும். குழந்தை வளர்ச்சி, கணக்கு, சூழ்நிலையியல், அறிவியல், சமூக அறிவியல் எல்லாம் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கும். தமிழ் வழியில் படித்து வந்த ஒரு பிள்ளைக்கு இது பெரிய பாரம், அது நியாயமும் இல்லை என்பது என் கருத்து. விஷயம் தெரிந்தும் கேள்வி புரியாமல் மார்க்கை விடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு தாங்காது.

ஆனால் தாண்டக்கூடிய பாரம்தான். இந்தத் தேர்வில் வருகிற ஆங்கிலம் கதைப்புத்தக ஆங்கிலம் கிடையாது, திரும்பத் திரும்ப ஒரே சொற்கள்தான் வரும். ஸ்கஃபோல்டிங், ஃபார்மேட்டிவ் அசெஸ்மென்ட், இன்க்ளூசிவ் எஜுகேஷன், மிஸ்கன்செப்ஷன், இன்ட்ரின்சிக் மோட்டிவேஷன் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். பக்கத்திலேயே உங்கள் பாஷையில் விளக்கமும் ஒரு வகுப்பறை உதாரணமும் எழுதுங்கள். பழைய கேள்வித்தாள்களைப் போடப் போட இந்தச் சொற்கள் பழகிவிடும். "எது சரியல்ல" என்று கேட்கிற கேள்விகளில் அந்த 'நாட்' என்ற சொல்லை பேனாவால் வட்டமிடுகிற பழக்கமும் வேண்டும், அவசரத்தில் அதை விட்டுவிட்டுத் தலைகீழாக விடை போடுவது ரொம்ப சாதாரணமாக நடக்கிறது.

மொழி 1, மொழி 2 எதைத் தேர்ந்தெடுப்பது?

மொழி 1 தமிழ், மொழி 2 ஆங்கிலம் என்று வைப்பதுதான் நம்மில் பெரும்பாலோருக்கு வசதி. ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் வீட்டில் தெலுங்கோ உருதோ பேசுகிறவர்கள் "அந்த மொழியை எடுக்கலாமா அண்ணா" என்பார்கள். எடுக்கலாம், அந்த மொழிகளும் பட்டியலில் உண்டு, ஆனால் பேசத் தெரிந்தால் மட்டும் போதாது. ஒரு பக்க உரைநடையையும் ஒரு கவிதையையும் வேகமாகப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். பள்ளியில் படித்த மொழி எதுவோ அதையே எடுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். தேர்வு அறையில் ஒரு முதன்மை வினாத்தாள் கொடுப்பார்கள். அதிலேயே மொழி 1, மொழி 2 பகுதிகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சாகி இருக்கும். தமிழ் எடுத்தவர்களுக்குத் தனியாக ஒரு மொழி இணைப்புப் புத்தகம் தருவார்கள், அதிலும் மொழி 1, மொழி 2 இரண்டு பகுதியும் இருக்கும். நீங்கள் தமிழை மொழி 1 ஆக எடுத்திருந்தால், மொழி 1 கேள்விகளை அந்தத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து மட்டும் எழுத வேண்டும், மொழி 2 ஆங்கிலத்துக்கு முதன்மைத் தாளுக்குத் திரும்ப வேண்டும். கேள்வி எண்கள் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருப்பதால் பதற்றத்தில் முதன்மைத் தாளிலிருக்கிற ஆங்கில மொழி 1க்கு விடை போட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. 30 மார்க் போனால் தேறுவது கஷ்டம். ஓஎம்ஆர் தாளில் எந்த மொழி என்று குறிக்கிற கட்டத்தையும் நிரப்பிவிட்டு, தமிழ்ப் புத்தகம் கைக்கு வந்ததா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். வரவில்லை என்றால் கையைத் தூக்கிக் கேளுங்கள், கூச்சமே வேண்டாம்.

மொத்தம் எவ்வளவு, பாஸ் மார்க் எவ்வளவு?

150 கேள்வி, 150 மார்க், இரண்டரை மணி நேரம். தவறான விடைக்கு மார்க் கழிக்க மாட்டார்கள், ஆகவே ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடாதீர்கள். 60 சதவீதம், அதாவது 90 எடுத்தால் தேர்ச்சி. எஸ்சி, எஸ்டி, ஓபிசி, மாற்றுத்திறனாளிகளுக்கு 55 சதவீதம், நடைமுறையில் 82.

ஓபிசி விஷயத்தில் நம்மவர்கள் சறுக்குகிற இடம் ஒன்று. கையில் பிசி அல்லது எம்பிசி என்று மாநில சாதிச் சான்றிதழ் இருக்கும், அது மட்டும் போதும் என்று நினைத்துவிடுவார்கள். மத்தியப் பட்டியலில் உங்கள் சமூகம் இருக்கிறதா என்று பார்த்து, வசதி வரம்புக்குக் (கிரீமி லேயர்) கீழே இருக்கிறீர்கள் என்று சொல்கிற தனி ஓபிசி சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்குங்கள். தண்டையார்பேட்டை, பெரம்பூர், திருவொற்றியூர் எந்த வட்டமாக இருந்தாலும் நாள் பிடிக்கும். கட்டணத்தில் ஓபிசிக்குச் சலுகை இல்லை: ஒரு தாளுக்கு 1000 ரூபாய், இரண்டுக்கும் சேர்த்து 1200. எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 500, 600. நான் கடைசியாகப் பார்த்த அறிவிப்புகளின் கணக்கு இது, கட்டுவதற்கு முன் புதிய அறிவிப்பை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எதிலிருந்து படிக்க ஆரம்பிப்பது?

கற்பித்தல் முறையிலிருந்து. தாள் 1இல் ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றும் 30 மார்க்: குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், கணக்கு, சூழ்நிலையியல், மொழி 1, மொழி 2. தாள் 2இல் முதல் பகுதியும் இரண்டு மொழியும் அப்படியே, மீதி 60 மார்க் கணக்கு-அறிவியல் அல்லது சமூக அறிவியல். இதில் பலர் கவனிக்காதது என்னவென்றால், தாள் 1இல் கணக்கின் 30 மார்க்கில் 15 கணக்குப் போடுவதற்கு, 15 கணக்கை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதற்கு. சூழ்நிலையியலும் மொழிகளும் இதே மாதிரி பாதிப் பாதி. குழந்தை வளர்ச்சிப் பகுதியையும் சேர்த்தால் 150இல் 90 மார்க் வகுப்பறையைப் பற்றியது. பாஸ் மார்க்கும் 90தான்.

ஒரு மாதிரிக் கேள்வி சொல்கிறேன். மூன்றாம் வகுப்புக் குழந்தை 42இலிருந்து 17ஐக் கழித்து 35 என்று எழுதியிருக்கிறது. ஆசிரியர் முதலில் என்ன செய்ய வேண்டும்? அதே மாதிரி பத்துக் கணக்கு கொடுப்பது, சரியான விடையைப் பலகையில் எழுதிக் காட்டுவது, எப்படி 35 வந்தது என்று குழந்தையைச் சொல்லச் சொல்வது, முழு வகுப்புக்கும் மறுபடி கழித்தல் நடத்துவது, இப்படி நான்கு விடைகள். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதலாவதையோ இரண்டாவதையோ போடுகிறார்கள், நாமெல்லாம் அப்படித்தானே படித்து வந்தோம். ஆனால் அந்தக் குழந்தையின் விடையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 2இலிருந்து 7 போகாது என்பதால் 7இலிருந்து 2ஐக் கழித்து 5, அப்புறம் 4இலிருந்து 1 போனால் 3. குழந்தை சும்மா எழுதவில்லை, "பெரியதிலிருந்து சின்னதைக் கழி" என்று ஒரு விதியைத் தானே உண்டாக்கிக்கொண்டு அதை ஒழுங்காகப் பின்பற்றி இருக்கிறது. அந்த விதியைத் தெரிந்துகொள்ளாமல் பத்துக் கணக்கு கொடுத்தால் பத்தும் அதே மாதிரி தப்பாக வரும். ஆகவே விடை மூன்றாவது. தவறு என்பது குழந்தை எப்படி யோசிக்கிறது என்று காட்டுகிற ஜன்னல், இந்த ஒரு எண்ணம் பிடிபட்டாலே கணிசமான கேள்விகளுக்கு விடை தானாக வந்துவிடும்.

பியாஜே, வைகோட்ஸ்கி, கோல்பர்க், கார்ட்னர் ஆகிய நாலு உளவியல் அறிஞர்களையும் நன்றாகப் படியுங்கள். யார் எந்த ஆண்டில் பிறந்தார் என்பது வேண்டாம், குழந்தையைப் பற்றி அவர்கள் என்ன சொன்னார்கள், ஒருவரோடு ஒருவர் எங்கே மாறுபடுகிறார்கள் என்பதுதான் கேள்வியாக வரும். சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளைப் பற்றி இந்தப் பகுதியில் 5 கேள்வி வரும், அதையும் விடாதீர்கள்.

சூழ்நிலையியலுக்கு என்ன படிக்க வேண்டும்?

மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டியின் 3, 4, 5ஆம் வகுப்புப் புத்தகங்கள். குடும்பமும் நண்பர்களும், உணவு, உறைவிடம், நீர், பயணம், நாம் செய்யும் பொருட்கள் என்று ஆறு கருப்பொருள்கள். இந்தப் பகுதி எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் குழந்தையின் சொந்த வாழ்க்கையை வகுப்புக்குள் கொண்டுவரச் சொல்கிறது. காசிமேட்டிலிருந்து வருகிற ஒரு பையனுக்கு வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, காரப்பொடி எல்லாம் பார்த்தவுடன் தெரியும், எந்த வலைக்கு எந்த மீன் என்றுகூடச் சொல்வான், ஆனால் புத்தகத்தில் 'நீர்வாழ் உயிரினங்கள்' பாடத்தில் வாயைத் திறக்க மாட்டான். அவனைப் பேச வைத்து அதிலிருந்து பாடத்தைத் தொடங்குகிற ஆசிரியர்தான் சிடெட்டின் சரியான விடை. மொழிப் பகுதியிலும் இதே பார்வை. குழந்தை வீட்டுப் பேச்சில் பதில் சொன்னால் தடுக்கச் சொல்கிற விடை எப்போதும் தவறானதாகவே இருக்கும். வீட்டு மொழியை வகுப்பில் ஒரு வளமாகப் பயன்படுத்தச் சொல்கிற விடையைத் தேடுங்கள். நம்ம பகுதிப் பிள்ளைகளின் பேச்சைக் கேலி செய்தே பழகிய ஊரில், ஒரு தேசியத் தேர்வு இதை வலியுறுத்துவது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

கோச்சிங் சேராமல் முடியுமா?

முடியும். என்சிஇஆர்டி புத்தகங்கள் இணையத்தில் இலவசம், பழைய கேள்வித்தாள்களும் சிடெட்டின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் கிடைக்கும். அச்சுப் புத்தகம்தான் வேண்டும் என்றால் சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட் கடைகளில் பழையது தேடலாம், பேரம் பேசத் தெரிந்தால் இன்னும் குறையும். வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லை என்பதுதான் நம்ம பகுதியில் நிஜமான பிரச்சினை, ஒரே அறையில் டிவியும் தம்பியும் பாட்டியும் இருக்கும்போது யாரால் படிக்க முடியும். கொளத்தூரில் 2024இல் திறந்த முதல்வர் படைப்பகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்க இடம் உண்டு. எழும்பூர் கன்னிமாரா நூலகமும் இருக்கிறது, திருவொற்றியூரிலிருந்து மெட்ரோ ஏறினால் சென்ட்ரலில் மாறிப் போய்விடலாம். மூன்று நாலு பேர் சேர்ந்து வாரம் ஒரு பழைய தாளை நேரம் வைத்து எழுதிப் பார்த்து, தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் ஏன் தப்பு என்று பேசுங்கள். காசு கட்டிச் சேர்கிற வகுப்பில் கிடைப்பதைவிட இதில் கிடைப்பது அதிகம் என்றே நினைக்கிறேன். கணக்கு சுத்தமாக வராது என்றால் அதற்கு மட்டும் ஒருவரிடம் போங்கள்.

கல்யாணமாகி இரண்டு குழந்தை, வயசு 38. இனிமேல் எழுதலாமா?

தாராளமாக. சிடெட்டுக்கு வயது உச்சவரம்பே கிடையாது, எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், தேறிய பிறகும் மார்க்கைக் கூட்ட மறுபடி எழுதலாம். வேலைக்கு எடுக்கும் அமைப்புகள் தனியாக வயது வரம்பு வைத்திருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் குழந்தையை வளர்த்தவர்கள் உளவியல் பகுதியில் தடுமாறுவதே இல்லை என்பதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

ஏற்கெனவே பள்ளியில் வேலை பார்க்கிறேன். எனக்கும் கட்டாயமா?

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு ஆசிரியர் அறைகளில் எல்லாம் இதே பேச்சுதான். தீர்ப்பின் சாரம் இது: 1 முதல் 8 வரை நடத்துகிற, ஓய்வுபெற 5 ஆண்டுகளுக்கு மேல் இருக்கிற ஆசிரியர்கள், கட்டாயக் கல்விச் சட்டத்துக்கு முன்பே சேர்ந்திருந்தாலும், இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும். 5 ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர்கள் தேறாமலே பணியில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கிடைக்காது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்பதைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ராயபுரம், பெரம்பூர் பக்கம் அப்படிப்பட்ட பழைய பள்ளிகள் நிறைய இருப்பதால் அங்கே வேலை பார்ப்பவர்கள் அந்த வழக்கைக் கவனித்துக்கொண்டே இருங்கள். தமிழக அரசு சீராய்வு மனு போட்டது. அதில் என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டு உட்காராமல் படிப்பைத் தொடங்கிவிடுவது நல்லது. இருபது வருஷம் பாடம் நடத்திய ஒருவரைத் தேர்வு எழுது என்பது மனசுக்கு வலிக்கிற விஷயம்தான், அந்த வலி எனக்குப் புரிகிறது. ஆனால் முன்னே சொன்ன அந்த 90 மார்க் உங்கள் அனுபவத்தைத்தான் கேட்கிறது.

9, 10ஆம் வகுப்புக்கு நடத்த சிடெட் வேண்டுமா?

சிடெட் 8ஆம் வகுப்பு வரைதான். ஆனால் பட்டதாரி ஆசிரியர் பணி என்பது 6 முதல் 10 வரை சேர்த்தே வருவதால் கேந்திரிய வித்யாலயாவில் அந்தப் பணிக்குத் தாள் 2 கேட்பார்கள். 11, 12க்கு நடத்தும் முதுகலை ஆசிரியருக்குத் தேவையில்லை.

விண்ணப்பத்தில் பெயரை எப்படி எழுதுவது? சான்றிதழ் எப்படி வரும்?

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே. நம்ம ஊர் இனிஷியலால் வருகிற தலைவலி கொஞ்சநஞ்சமல்ல. மார்க் ஷீட்டில் இனிஷியல் பின்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ரேஷன் கார்டில் வீட்டுக்காரர் இனிஷியல். அவசரத்தில் பிரவுசிங் சென்டர்காரர் டைப் செய்ததைச் சரிபார்க்காமல் பணம் கட்டிவிட்டு வந்தால் பின்னால் சான்றிதழ் சரிபார்ப்பில் நிற்க வேண்டி வரும். விண்ணப்பம் முடிந்ததும் திருத்தம் செய்யச் சில நாட்கள் கொடுப்பார்கள், அந்த நாட்களுக்குள் பெயர், பிறந்த தேதி, வகுப்பு, மொழி, தாள் எல்லாவற்றையும் ஒரு முறை சத்தமாக வாசித்துப் பாருங்கள். தேர்வு மையம் சென்னையிலேயே வேண்டும் என்றால் விண்ணப்பம் திறந்ததும் போட்டுவிடுங்கள், கடைசி நாள் வரை இழுக்க வேண்டாம்.

முடிவு வந்தபின் மதிப்பெண் பட்டியலும் சான்றிதழும் அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் வரும். விண்ணப்பத்தில் கொடுத்த கைப்பேசி எண்ணை வைத்துத்தான் கணக்கு திறக்கும் என்பதால், பிரவுசிங் சென்டர் எண்ணையோ தெரிந்தவர் எண்ணையோ கொடுக்காமல் உங்கள் சொந்த எண்ணையே கொடுங்கள், முடிவு வரும்வரை அந்த சிம்மை மாற்றாதீர்கள்.